நெஞ்சில் ஐந்து வட்டம்

“சட்டையைக் கழட்டுங்க தம்பி” என்றார் எக்கோ அறையின் பெண் டெக்னீஷியன்.

நான் ஊசியக்காவைத் திரும்பிப் பார்த்தேன். என்னைக் காப்பாற்ற வேண்டிய அந்தப் புண்ணியவதி, சுவரில் ஒட்டியிருந்த இதயப் படத்தை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் கழற்றினேன்.

துப்பறியும் தொழிலில் உதை விழும், கத்திக்குத்து விழும் என்றெல்லாம் கேள்விப்பட்டு, அதற்குத் துணிந்துதான் இந்த வேலையில் சேர்ந்தேன். பட்டப்பகலில், ஏசி குளிரில், அம்மா வயதுப் பெண்மணி முன்னால் பனியன்கூட இல்லாமல் நடுங்க வேண்டியிருக்கும் என்று யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை.

என்னைச் சோடா என்பார்கள். என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தால் காரணம் கேட்க மாட்டீர்கள். ஊசியக்கா முன்பு தையற்கடை வைத்திருந்தவர். எதிரே நடந்து வருகிற ஆளின் இடுப்பளவை நாடா இல்லாமல் சொல்வார். ஒரு திருடனை, அவன் சட்டையில் தைத்திருந்த நிறம் மாறிய பட்டனை வைத்துப் பிடித்துக் கொடுத்த நாளிலிருந்து கத்தரிக்கோலை மூட்டைகட்டி வைத்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டார். மூளை அவருடையது. வாய் என்னுடையது.

அன்று காலை ஒன்பது மணிக்கு ஒருவர் எங்கள் அலுவலகப் படியேறி வந்தார். தலை முழுக்க நரை. யாரோ பெரியவர் என்று நான் ஓடிப்போய் நாற்காலி இழுத்துப் போட்டேன். உட்கார்ந்த பிறகு பார்த்தால் நாற்பத்திரண்டு வயதுதானாம். “ஆஸ்பத்திரியில கூட என்னைத்தான் மாமனார்னு நினைச்சுக்கிறாங்க” என்று வருத்தமாகச் சிரித்தார். புழுக்கத்திலும் கழுத்துப் பட்டன் வரை பூட்டியிருந்தார். பேச்சுக்கு நடுவே நெஞ்சைச் சொறிந்துகொண்டே இருந்தார். ஆஸ்பத்திரி நாற்காலியில் தூங்கி மூட்டைப்பூச்சியிடம் மாட்டியிருப்பார் என்று நினைத்து, நான் என் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

விஷயம் இதுதான். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த அவருடைய மாமனாருக்கு ஈரல் கெட்டுப்போய்விட்டது. மறுநாள் காலை ஆறு மணிக்கு மாற்று அறுவை. தன் ஈரலில் பாதிக்கு மேல் அறுத்துக் கொடுக்கப்போவது மாமனாரின் ஒரே மகள், அதாவது இவருடைய மனைவி. நான்கு வயதில் இவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. முந்தின நாள் இவருடைய ஸ்கூட்டர் பெட்டியில் ஒரு துண்டுச் சீட்டு கிடந்ததாம். கொட்டை எழுத்தில் இரண்டே வரி.

“உன் மனைவி தரும் ஈரல் வீணாகப் போகும். நிறுத்து.”

“டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?” என்று அக்கா கேட்டார்.

“மொட்டைக் கடுதாசியக் காட்டி ஆபரேஷன நிறுத்துங்கன்னா சிரிப்பாங்க. மாமாவுக்கு மஞ்சள் ஏறிக்கிட்டே போகுது. சும்மா தள்ளிப்போடவும் முடியாது. இன்னைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு எல்லா டாக்டரும் உக்காந்து கடைசிக் கையெழுத்துப் போடுறாங்க. அதுக்குள்ள கண்டுபிடிச்சுக் குடுங்க. எக்கோ ரூம்ல இருந்து ஆரம்பிங்க. மூணு நாளைக்கு முன்னாடி மாமாவுக்கு நெஞ்சு டெஸ்ட் அங்கதான் நடந்துச்சு.”

அப்படித்தான் நான் சட்டையில்லாமல் நின்றேன். எனக்கும் ஈரல் கோளாறு, நாளைக்கு இதே சோதனை, பையன் பயந்து சாகிறான், ஒருமுறை செய்துகாட்டுங்கள் என்று அக்கா கதை கட்டியிருந்தார். பயப்படுவது மட்டும் உண்மை.

“பயப்பட ஒண்ணுமில்ல” என்றார் டெக்னீஷியன். “ஈரல் நோயாளிய ஓட விட்டுப் பாக்க முடியுமா? அதனால கையில மருந்து ஏத்துவோம். நீங்க படுத்தே இருப்பீங்க, நெஞ்சு மட்டும் ஓடும். அப்படி ஓடும்போது டாக்டரம்மா ஸ்கேன்ல பாப்பாங்க.”

“வீடு பத்திக்கிட்டது ஈரல்ல. நீங்க ஏன் அடுத்த வீட்டுக் கதவத் தட்டுறீங்க?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “புது ஈரல வச்சுத் தைச்சு, ரத்தத்தத் திறந்து விடுற நிமிஷம் ஒண்ணு இருக்கு. அத்தன பாரமும் நெஞ்சு மேல விழும். நெஞ்சுக் குழாயில அடைப்பு இருந்தா அந்த மேசையிலயே நின்னுடும். ஈரல் நல்லா இருக்கும். ஆள் இருக்க மாட்டார்.”

அக்கா மெதுவாகப் பக்கத்தில் வந்தார். “மூணு நாளைக்கு முன்னாடி எங்க மாமாவுக்கு நீங்கதான் பண்ணுனீங்களாம். டிப்போ மெக்கானிக்கா இருந்தவரு.”

“அவரா. மறக்க முடியுமா அவர? நெஞ்சா அது, கம்பளி. துடிப்பு பாக்குற ஒயர் வில்லை ஒட்டவே மாட்டேங்குது. கடைசியில அஞ்சு இடத்துல வட்டம் வட்டமா வழிச்சு விட்டேன். ரெண்டு ரேசர் மழுங்கிப் போச்சு.” என் நெஞ்சை ஒரு பார்வை பார்த்தார். “உங்களுக்கு அந்தக் கவலையே இல்ல தம்பி. சிமெண்ட் தரை.”

அந்த அவமானத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

“ரிப்போர்ட்?” என்றார் அக்கா.

“அருமையான நெஞ்சு. இருபது வயசுப் பையன் மாதிரி ஓடுச்சு.”

“முகம் ஞாபகம் இருக்கா?”

“மாஸ்க் போட்டிருந்தார். ஈரல் நோயாளிங்க எல்லாரும் அப்படித்தான் வருவாங்க. நரைச்ச தலை. வீட்டுல இருந்து வந்ததால கையில பேர் எழுதுன பட்டையும் இல்ல, சீட்டு மட்டும்தான். விளக்க அணைச்சுட்டுத்தான் எங்க வேலையே. நாங்க நெஞ்சப் பாக்குறவங்க. முகத்துக்கு வேற ஆளுங்க இருக்காங்க.”

மணி இரண்டாகியிருந்தது.

நான்காம் மாடி ஈரல் வார்டில் மாமனார் கட்டிலில் சாய்ந்திருந்தார். கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள். கை கால் குச்சியாகவும் வயிறு மட்டும் குடமாகவும் இருந்தது. மாப்பிள்ளையின் நண்பர்கள் என்று சொல்லிக்கொண்டோம். எழுந்து உட்கார முயன்றவரை நர்ஸ் அதட்டிப் படுக்க வைத்து, மாற்று அங்கி போடுவதற்காகப் பழைய சட்டையைக் கழற்றினாள்.

அக்காவின் நகம் என் முழங்கையில் பதிந்தது. வலித்தது. ஆனால் கத்தத் தோன்றவில்லை. நானும் பார்த்துவிட்டேன்.

மாமனாரின் நெஞ்சில் ஒரு முடி இல்லை. வட்டமும் இல்லை, வழித்த தடமும் இல்லை, முளைவிடுகிற கட்டையும் இல்லை.

வெளியே வந்த நர்ஸிடம் அக்கா தணிந்த குரலில் கேட்டார். “நெஞ்சு முடிய எல்லாம் எடுத்துட்டீங்களா சிஸ்டர்?”

“எடுக்க என்ன இருக்கு? ஈரல் பல வருஷமா கெட்டிருந்தா ஆம்பளைங்களுக்கு நெஞ்சு முடி உதிர்ந்துடும். எங்க வார்டுல பாதிப் பேரு இப்படித்தான்.”

அக்கா மறுபடி உள்ளே போனார். கட்டில் ஓரமாக உட்கார்ந்து, தையற்கடையில் அளவெடுக்கிற அதே சாதாரணக் குரலில், “படி ஏறுனா எப்படிய்யா இருக்கும்?” என்றார்.

பெரியவர் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “பத்தாவது படியில நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கும்மா. நின்னா இறங்கிடுவான். மககிட்ட சொல்லிடாதீங்க. இத்தன தூரம் எனக்காக வந்துட்டா. கடைசி நேரத்துல அவ மனசு உடையக் கூடாது.”

நாளைக் காலை ஆறு மணிக்கு அந்தப் பெண்ணின் வயிற்றைக் கிழித்து ஈரலை எடுப்பார்கள். அதைக் கொண்டுபோய் வைக்கிற மேசையில் இவர் நெஞ்சு நின்றுபோகும். ஒரே நாளில் அப்பனும் இல்லை, ஈரலும் இல்லை.

“வாங்கக்கா, ஓடிப்போய் டாக்டரம்மாகிட்ட சொல்லிடலாம்” என்றேன்.

ஓடினோம். இதய டாக்டரம்மா வேறொருவருக்கு ஆஞ்சியோ செய்துகொண்டிருந்தார். மூன்றே முக்காலுக்கு முன் கதவு திறக்காது என்றார்கள்.

“அதுவும் நல்லதுக்குத்தான்” என்றார் அக்கா. “இப்பப் போய் முடி இல்லன்னு சொன்னா, தினம் முப்பது நெஞ்சப் பாக்குற டெக்னீஷியன் அம்மா ஆள மாத்திச் சொல்லிட்டாங்கன்னு முடிச்சுடுவாங்க. நாலு மணிக்குக் கையெழுத்து விழுந்துடும். வட்டம் வழிச்ச நெஞ்சு இங்கதான் எங்கேயோ நடமாடுது சோடா. அதக் கையோட கூட்டிக்கிட்டுப் போகணும்.”

“ஆஸ்பத்திரியில இருக்குற ஆம்பளைங்க சட்டையெல்லாம் கழட்டச் சொல்லவா? நான் தயார். எனக்கு இன்னைக்குத் துணை வேணும்.”

“நரைச்ச தலை, ஈரல் கெடாத உடம்பு, இந்தக் குடும்பத்துக்கு வேண்டிய ஆளு. யாரு?”

எனக்கு உடனே பொறி தட்டியது. காலையில் மாப்பிள்ளை பேச்சுவாக்கில் சொல்லியிருந்த மாமனாரின் மச்சான், அதாவது மாமனார் மனைவியின் தம்பி. இருவரும் கூட்டாக வண்டி உதிரிபாகக் கடை வைத்திருந்தார்கள். நரைத்த தலை. மாமனார் போய்விட்டால் கடை முழுக்க இவர் கைக்கு வரும். நல்ல ரிப்போர்ட் ஒன்று வாங்கிக் கொடுத்து ஆளை மேசைக்கு அனுப்பிவிட்டால் கொலை என்று யார் சொல்வார்கள்? கேன்டீனில் தனியாக உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆள் சிக்கிவிட்ட ஆனந்தம்.

ஆறிப்போன டீ ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். மேசைக் காலில் இடறினேன். குறி தப்பவில்லை.

“அய்யய்யோ, மன்னிச்சுடுங்க சார், என் கண்ணாடியப் பாத்தாலே தெரியும், எனக்குப் பார்வை அவ்வளவுதான்.” அவரைக் கையைப் பிடித்துக் கழுவுமிடத்துக்கு இழுத்துப் போய், நானே சட்டையைக் கழற்றிக் குழாயில் நனைத்தேன். அப்புறம் நிமிர்ந்து பார்த்தேன்.

கம்பளிதான். அடர்ந்த, நரைத்த, ஓட்டையில்லாத முழுக் கம்பளி. ரேசர் என்ற பொருளையே கண்டிராத நெஞ்சு அது.

மனிதர் கோபப்படவும் இல்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, பேச ஆள் கிடைத்ததே போதும் என்று பேசினார். “அக்கா புருஷன்னு பேருதான். என்ன வளத்தது அவரு. நானே ஈரல் தரேன்னேன், எனக்குச் சர்க்கரை, ஆகாதுன்னுட்டாங்க. எங்க பொண்ணுதான் பாவம். போன மாசம் எங்களோட வரிசையில உக்காந்திருந்த ஒருத்தரு நெஞ்சு டெஸ்ட்டுல தோத்துட்டாரு. ஆபரேஷன் லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டாங்க. பத்தே நாள்ல போயிட்டாரு. அன்னையில இருந்து அவ தூங்கவே இல்ல.”

ஈரச் சட்டையைப் பிழிந்து கொடுத்துவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அக்காவிடம் வந்தேன். மணி மூன்று நாற்பது.

“அவர் இல்லக்கா. நல்ல மனுஷன். நான்தான் பாவி.” அவர் சொன்னதையும் சொன்னேன்.

அக்கா லிஃப்ட் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து அந்தத் துண்டுச் சீட்டை மடியில் விரித்து வைத்திருந்தார். “சோடா, இதுல நெஞ்சுன்னு ஒரு வார்த்தை இருக்கா?”

எட்டிப் பார்த்தேன். “இல்ல. ஈரல்னுதான் இருக்கு.”

“எக்கோன்னு இருக்கா? டெஸ்ட்டுன்னு இருக்கா?”

“இல்லக்கா.”

“பின்ன மாப்பிள்ளை ஏன் நம்மள எக்கோ ரூம்ல ஆரம்பிக்கச் சொன்னாரு?”

காலையில் பெரியவர் என்று நாற்காலி இழுத்துப் போட்டேனே, அந்த நரை கண்முன் வந்தது. புழுக்கத்தில் பூட்டிய கழுத்துப் பட்டன் வந்தது. அப்புறம் என் மூட்டைப்பூச்சி வந்தது. வழித்த இடத்தில் மூன்றாம் நாள் முடி முளைக்கும்போது என்ன பாடுபடுத்தும் என்று, ஒருமுறை மீசையை எடுத்தவன் எனக்கா தெரியாது?

லிஃப்ட் கதவு திறந்தது. மாப்பிள்ளைதான் வந்தார். “எதாவது தெரிஞ்சுதா?” என்று கேட்டுக்கொண்டே அவர் கை நெஞ்சுக்குப் போயிற்று.

அக்கா எழுந்து அவர் எதிரில் நின்றார். “மேல் பட்டனக் கழட்டுங்க.”

அவர் ஓடுவார் என்று எதிர்பார்த்து நான் படிக்கட்டை மறித்து நின்றேன். அவர் ஓடவில்லை. காலையிலிருந்து இந்த ஒரு வார்த்தைக்காகவே காத்திருந்தவர் போல ஒவ்வொரு பட்டனாகக் கழற்றினார். அடர்ந்த கறுப்பு முடிக்கு நடுவே, ரூபாய் அகலத்துக்கு ஐந்து வட்டங்கள். ஒவ்வொன்றும் சொறிந்து சொறிந்து சிவந்திருந்தது.

“நான் எதுவும் சொல்லல” என்றார். கண்ணில் நீர் நிறைந்திருந்தது. “நீங்களாத்தான் கண்டுபிடிச்சீங்க. அப்படித்தானே?”

“ஆமா. நீங்க வாயே திறக்கல” என்றார் அக்கா. “சீட்டும் நீங்க எழுதுனதுதான?”

அவர் வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் அசைத்தார்.

“மாமாவுக்குப் பதிலா டெஸ்ட்டுக்குப் போகச் சொன்னது உங்க சம்சாரம். குழந்தை மேல சத்தியம் வாங்கியிருப்பாங்க.”

இரண்டாவது அசைப்பில் கண்ணீர் சிந்திவிட்டது. எங்கள் தொழிலில் எத்தனையோ கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். தன்னையே பிடித்துக் கொடுக்கச் சொல்லி வந்த ஆள் இவர் ஒருவர்தான். காலையில் தள்ளிப் போட்ட நாற்காலிக்காக எனக்கு வெட்கமாக இருந்தது.

மூன்று ஐம்பதுக்கு டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார். அக்கா நான்கே வாக்கியத்தில் சொன்னார். ஐந்தாவதை மாப்பிள்ளையின் நெஞ்சு சொன்னது.

டாக்டரம்மாவின் முகம் வெளுத்தது. “அன்னைக்கு டெஸ்ட்டுல நாடி நூத்தம்பதத் தாண்டி மளமளன்னு ஏறுச்சு. பெரியவர் நாடியக் குறைக்கிற மாத்திரை சாப்பிடுறவர். அவ்வளவு சுலபமா ஏறாது. மாத்திரைய நிறுத்திட்டு வந்திருப்பார்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். திரையப் பாத்தேனே தவிர ஆளப் பாக்கல. இது என் தப்பு.” உடனே கூட்ட அறையை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார். நாலு மணிக்கு விழ வேண்டிய கையெழுத்து விழவில்லை.

அடுத்த அரை மணியில் செய்தி மகளின் அறைக்குப் போய்விட்டது. நாங்கள் வாசலில் நின்றோம். அந்தப் பெண் அறுவைக்கான பச்சை அங்கியில் கட்டில் மேல் உட்கார்ந்திருந்தாள். புருஷனைப் பார்த்த பார்வையில் நானே ஒரு அடி பின்வாங்கினேன்.

“குழந்தை தலைமேல அடிச்சு சத்தியம் பண்ணுனீங்க.”

“வாயத் திறக்க மாட்டேன்னுதான் சத்தியம் பண்ணேன்” என்றார் அவர். “திறக்கல. பட்டனத்தான் திறந்தேன்.”

“எங்க அப்பாவ லிஸ்ட்ல இருந்து எடுத்துடுவாங்க. நீங்கதான் கொன்னீங்க. இனிமே என் முகத்துல முழிக்காதீங்க.”

டாக்டரம்மா குறுக்கே வந்து அவள் பக்கத்தில் அமர்ந்தார். “இது பெயில் பண்ணி வீட்டுக்கு அனுப்புற பரீட்சை இல்லம்மா. போன மாசம் லிஸ்ட்ல இருந்து எடுத்த அந்தப் பெரியவருக்கு நெஞ்சே பலமிழந்து போயிருந்தது, அதுக்கு எங்ககிட்ட வழி இல்ல. அடைப்புன்னா வழி இருக்கு. எங்க அடைப்புன்னு தெரியாமத்தான் எதுவும் பண்ண முடியாது. அத நீ என்கிட்ட இருந்து மறைச்சுட்ட.”

அந்தப் பெண் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அன்று மாலை உண்மையான நெஞ்சுக்குச் சோதனை நடந்தது. பாதி மருந்து ஏறும் முன்பே பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் காலை ஆறு மணி. ஈரலுக்காகக் குறித்திருந்த அதே நேரத்தில் அவரை ஆஞ்சியோ அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். எங்கள் வேலை முன்தினமே முடிந்துவிட்டது. ஆனாலும் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. அதனால் நானும் போகவில்லை. வெளியே நீள பெஞ்சில் மகள் ஒரு கோடியிலும் மாப்பிள்ளை மறுகோடியிலும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நானும் மச்சானும். அவர் சட்டையில் என் டீக்கறை அப்படியே இருந்தது.

ஏழே காலுக்கு டாக்டரம்மா வந்தார். “ரெண்டு குழாய். ஒண்ணு முக்கால்வாசி, இன்னொண்ணு ஏறக்குறைய முழுசா. ஸ்டென்ட் வச்சாச்சு. ஈரல் ரெண்டு மாசம் காத்திருக்கணும். அதுவரைக்கும் தாங்குமான்னு கேட்டா என்னால சத்தியம் பண்ண முடியாது. தாங்க வைக்கப் பாடுபடுவோம்.” ஒரு கணம் நின்று மகளைப் பார்த்தார். “இன்னைக்கு இந்த நேரம் ஈரல் ஆபரேஷன் மேசையில இருந்திருந்தா, அப்பா திரும்பி வந்திருக்க மாட்டார்மா.”

அவர் போன பிறகு மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, பழக்க தோஷத்தில் மறுபடி சட்டைக்கு மேலாக நெஞ்சைச் சொறிந்தார்.

மகள் எழுந்தாள். பெஞ்சின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துபோய் அவர் முன்னால் நின்றாள். கழுத்துப் பட்டனை அவளே கழற்றிவிட்டாள். சிவந்திருந்த முதல் வட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“ரொம்ப அரிக்குதா?” என்றாள்.

“ரொம்ப” என்றார் அவர்.